வால்ட்டன் லில்லிஹை

கிளாரன்ஸ் வால்ட்டன் லில்லிஹை (அக்டோபர் 23, 1918 – சூலை 5, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் ஆவார். திறந்த இதய அறுவைச் சிகிச்சையின் முன்னோடிகளுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகின்றார். பிறவியிலேயே இதயத்தில் குறையுடன் பிறந்த குழந்தைகளின் இதயத்தைத் திறந்து, உட்புறத்தைக் கண்ணால் கண்டு, குறையைச் சரிசெய்யும் முறையை 1954ஆம் ஆண்டு மினசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவ்வாறு சரிசெய்யப்பட்ட இதயங்களில் அறுவையின் விளைவாகவே தோன்றிய துடிப்புக் கோளாறுகளுக்கும் இவரே தீர்வு தேட நேர்ந்தது. மின்கலத்தால் இயங்கி உடலோடு எடுத்துச் செல்லத்தக்க இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) அத்தேடலின் விளைவாகத் தோன்றியதாகும்.

இளமையும் கல்வியும்

லில்லிஹை மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் நார்வே வழிவந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். தாயார் பியானோ கற்பித்தவர். உடன்பிறந்தவர்களுள் ரிச்சர்ட் லில்லிஹையும் பின்னாளில் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஆனார். 1966இல் உலகின் முதல் கணைய மாற்று அறுவையைச் செய்த இருவருள் அவரும் ஒருவர்.

வால்ட்டன் லில்லிஹை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணிபுரிந்தார். போர்முனையை ஒட்டிய கள மருத்துவமனையில் ஆற்றிய பணிக்காக வெண்கல விண்மீன் பதக்கம் பெற்றார். போர் முடிந்து திரும்பியபின் 1946இல் திருமணம் செய்துகொண்டு, ஓவன் வாங்கன்ஸ்டீன் தலைமையில் இயங்கிய மினசோட்டா அறுவைத் துறையில் பயிற்சியில் சேர்ந்தார். இளம் மருத்துவர்களை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, புதிய முறைகளை முதலில் நாய்களில் செய்து பார்க்கச் சொல்வது வாங்கன்ஸ்டீனின் வழக்கம். லில்லிஹையின் பிற்காலப் பணிகள் அனைத்தும் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியவையே.

1950இல், பயிற்சி முடியும் தறுவாயில், இவருடைய காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் நிணநீர்த் திசுப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. வாங்கன்ஸ்டீனே முன்னின்று கழுத்து, மார்புப் பகுதிகளில் மிக விரிவான அறுவையைச் செய்தார். தொடர்ந்து கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பிழைப்பதற்கான வாய்ப்பு குறைவு என்றே அப்போது மதிப்பிடப்பட்டது. ஆனால் அதன்பின் இவர் 49 ஆண்டுகள் வாழ்ந்தார். கழுத்தின் ஒரு பக்கத் தசைகள் அகற்றப்பட்டதால் தலை சற்றே சாய்ந்த தோற்றம் இறுதிவரை இருந்தது. பிறர் அஞ்சி நின்ற இடங்களில் இவர் துணிந்ததற்கு இந்நோயே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். எனினும் இந்த ஒன்றை மட்டும் காரணமாக்கினால் ஆய்வுக்கூடத்தில் இவரது குழு செலவிட்ட ஆண்டுகள் மறைந்துவிடும்.

இதயத்தைத் திறப்பதில் இருந்த இடர்

1950களின் தொடக்கம் வரை இதய அறுவை என்பது பெரும்பாலும் இதயத்தின் வெளிப்புறத்தில் செய்யப்படுவதாகவே இருந்தது. 1944இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்பிரட் பிளாலாக், எலன் டாசிக், விவியன் தாமஸ் ஆகியோர் உருவாக்கிய புகழ்பெற்ற அறுவையும் இத்தகையதே. உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு நுரையீரலுக்குச் செல்லும் குருதியின் அளவை அது கூட்டியது. ஆனால் இதயத்தினுள் இருந்த குறை அப்படியே நின்றது. உள்ளே தைக்க வேண்டுமெனில் இதயத்தின் வழியே ஓடும் குருதியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும்.

1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டாவில் ஜான் லூயிஸ் என்பவர், உடலைக் குளிர்வித்து, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் இதய மேலறைகளுக்கு இடைப்பட்ட துளையை நேரடியாகப் பார்த்து மூடினார். அந்த அறுவையில் லில்லிஹையும் உடனிருந்தார். குளிர்விக்கும் முறை சில நிமிடங்களையே கூடுதலாகத் தந்தது. மேலறைத் துளைக்கு அது போதும். கீழறைகளுக்கு இடைப்பட்ட துளைக்குப் போதாது. 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையுடன் ஓர் அறுவையில் வெற்றி கண்டார். அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்காமையால் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். நோயுற்ற இதயத்தால் இத்தகைய அறுவையைத் தாங்கவே இயலாது என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது.

குறுக்குச் சுற்றோட்டம்

தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தாயின் உடலே உயிர்வளியை அளிக்கிறது. அதுபோல, அறுவை நடக்கும் நேரத்தில் குழந்தையின் குருதியை மற்றொரு மனிதரின் உடல் வழியே செலுத்தினால் என்ன என்ற எண்ணம் லில்லிஹையின் குழுவில் எழுந்தது. மார்லி கோகன், ஹெர்பர்ட் வார்டன், ரிச்சர்ட் வார்கோ ஆகியோர் இக்குழுவில் குறிப்பிடத்தக்கவர்கள். நாய்களில் செய்த ஆய்வுகளிலிருந்து, உடல் உயிர் தாங்குவதற்கு அதுவரை நினைத்ததைவிடக் குறைந்த குருதியோட்டமே போதும் என்பது தெரிந்தது. இதனால் கொடையாளியின் இதயத்தின் மீது விழும் சுமை தாங்கத்தக்கதாகவே இருக்கும் எனக் கணக்கிட்டனர்.

முறை எளியது. அறுவை அறையில் இரு மேசைகள் அருகருகே இடப்படும். ஒன்றில் குழந்தை, மற்றொன்றில் பெரும்பாலும் அதன் தந்தை அல்லது தாய். குருதி வகை ஒத்திருக்க வேண்டும். கொடையாளியின் தொடையிலுள்ள தமனியிலிருந்து உயிர்வளி நிறைந்த குருதி குழாய் வழியே குழந்தைக்குச் செல்லும். குழந்தையின் சிரைக் குருதி கொடையாளியின் தொடைச் சிரைக்குத் திரும்பும். நடுவில் உள்ள எக்கி (பம்ப்) இரு பக்கமும் ஓட்டத்தைச் சமமாக வைத்திருக்கும்.

1954 மார்ச் 26 அன்று, ஏறத்தாழ ஒரு வயதுடைய ஆண் குழந்தைக்கு, தந்தையைக் கொடையாளியாகக் கொண்டு, கீழறை இடைச்சுவர்த் துளை மூடப்பட்டது. அறுவை வெற்றியாகவே முடிந்தது. எனினும் 11 நாட்களுக்குப் பின் நுரையீரல் அழற்சியால் குழந்தை இறந்தது. பிணக்கூறாய்வில் துளை முழுமையாக மூடியிருப்பது தெரியவந்தது. அடுத்த சில வாரங்களில் செய்த அறுவைகளில் குழந்தைகள் பிழைத்தனர். 1954 ஆகஸ்ட் 31 அன்று, ஃபாலட்டின் நான்கு குறை நோய் உலகில் முதன்முறையாக இதயத்தினுள் முழுமையாகச் சரிசெய்யப்பட்டது. கீழறைகளுக்கிடையே துளை, நுரையீரல் தமனியின் வாயில் குறுகல், துளையின் மேல் அமர்ந்த பெருந்தமனி, வலக் கீழறைத் தடிப்பு ஆகிய நான்கும் சேர்ந்திருப்பதே இந்நோய். நீலக் குழந்தைகள் எனப்படுவோரில் பலருக்கு இருப்பது இதுவே.

1955 நடுப்பகுதி வரை இம்முறையில் 45 பேருக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் 28 பேர் உயிருடன் வீடு திரும்பினர். வேறு வழியே இல்லாத நிலையில் இருந்த குழந்தைகள் இவர்கள் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கொடையாளிகள் எவரும் இறக்கவில்லை. ஆனால் கொடையாளியாக வந்த தாய் ஒருவர் குருதிக் குழாயில் காற்று புகுந்தமையால் மூளை பாதிப்புக்கு உள்ளானார். நலமாக இருக்கும் ஒருவரை அறுவை மேசையில் கிடத்துவது முறையா என்ற கேள்வி மருத்துவமனைக்குள்ளேயே எழுந்தது. ஒரே அறுவையில் இரண்டு உயிர்கள் போகக்கூடும் என்ற கடுமையான விமரிசனமும் வந்தது. அக்கேள்வி நியாயமற்றது அன்று. இக்கால நெறிமுறைக் குழுக்கள் இத்தகைய ஆய்வுக்கு இசைவளிப்பது அரிது. இப்பணிக்காக லில்லிஹை, கோகன், வார்டன், வார்கோ ஆகிய நால்வருக்கும் 1955ஆம் ஆண்டின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

கொடையாளியின் தேவையை நீக்கியது ரிச்சர்ட் டிவால் என்பவர் லில்லிஹையின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குமிழி உயிர்வளியூட்டி. நெகிழிக் குழாய்களாலான இக்கருவியில் குருதிக்குள் உயிர்வளிக் குமிழிகள் செலுத்தப்பட்டன. பின்னர் நுரை நீக்கும் பொருளும் சுருள் வடிவக் குழாயும் குமிழிகளை அகற்றின. 1955 மே மாதம் முதன்முறையாக நோயாளிக்குப் பயன்பட்டது. விலை மலிவு, அமைப்பு எளிமை ஆகியவற்றால் இது உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு மார்ச் மாதம் முதல், அண்மையிலிருந்த ராச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவமனையில் ஜான் கிர்க்லின், கிப்பனின் எந்திரத்தைத் திருத்தியமைத்துப் பயன்படுத்தி வந்தார். சிறிது காலத்திற்கு உலகில் திறந்த இதய அறுவை வழக்கமாக நடைபெற்ற இடங்கள் ஒரே மாநிலத்தின் இவ்விரண்டு ஊர்களே.

கடத்தல் தடை

துளை மூடும் அறுவை பெருகியபோது புதிய இடர் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அறுவை நன்றாக முடிந்த பின்னரும் சில குழந்தைகளின் இதயம் நிமிடத்திற்கு முப்பது நாற்பது முறை மட்டுமே துடித்தது. சில நாட்களில் அக்குழந்தைகள் இறந்தனர்.

இதயத்தின் மேலறையில் தோன்றும் மின் தூண்டல் கீழறைகளைச் சென்றடைவதற்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. 1893இல் வில்கெல்ம் ஹிஸ் விவரித்தமையால் அது ஹிஸ் கற்றை எனப்படுகிறது. இதனை மேலறையுடன் இணைக்கும் கணுவை 1906இல் ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா கண்டறிந்தார். கீழறை இடைச்சுவர்த் துளைகளில் பெரும்பான்மையானவற்றில் இக்கற்றை துளையின் விளிம்பை ஒட்டியே செல்கிறது. வெறும் கண்ணுக்கு அது தென்படாது. துளையை மூடுவதற்காக விளிம்பில் இடும் தையல் ஒன்று அதன்மீது விழுந்தால் போதும். மேலறையும் கீழறையும் தொடர்பற்றுத் தனித்தனியே துடிக்கும். இதுவே முழுமையான கடத்தல் தடை. பேச்சு வழக்கில் இதய அடைப்பு எனக் கூறப்படும் மாரடைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது குருதிக் குழாயில் ஏற்படும் அடைப்பு. இது மின் பாதையில் ஏற்படும் அறுப்பு.

தொடக்கத்தில் இத்தடை ஏற்பட்ட குழந்தைகளில் எவரும் பிழைக்கவில்லை. இதயத்தைத் தூண்டும் மருந்து ஒன்றால் ஓரளவு பயன் கிட்டியது. 1952இல் பாஸ்டன் நகரின் பால் சோல் உருவாக்கியிருந்த கருவி மார்பின் தோல் வழியே மின்சாரம் செலுத்தித் துடிக்கச் செய்தது. அதற்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்பட்டது, ஒவ்வொரு துடிப்பும் வலி தந்தது, தோல் புண்ணானது. சிறு குழந்தைக்கு நாட்கணக்கில் அதனைச் செய்வது இயலாது.

உடலியங்கியல் ஆய்வுக்கூடங்களில் தவளைத் தசைகளைத் தூண்டப் பயன்படும் எளிய மின் தூண்டியை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று உடலியங்கியல் துறையைச் சேர்ந்த ஜான் ஜான்சன் ஆலோசனை கூறினார். வில்லியம் வைரிக், வின்சென்ட் காட் ஆகிய இளம் மருத்துவர்கள் நாய்களில் இதனைச் சோதித்தனர். மெல்லிய உறையிட்ட கம்பியின் முனையை இதயத் தசையிலேயே நேரடியாகத் தைத்துவிட்டால் சில வோல்ட் மின்னழுத்தமே போதும் என்று கண்டனர். 1957 சனவரி 30 அன்று, நான்கு குறை நோய்க்கான அறுவைக்குப் பின் கடத்தல் தடை ஏற்பட்ட மூன்று வயதுச் சிறுமிக்கு லில்லிஹை இம்முறையைக் கையாண்டார். துடிப்பு உடனே உயர்ந்தது, குழந்தை பிழைத்தது. கற்றை வெறுமனே வீங்கியிருந்த குழந்தைகளில் சில நாட்களிலோ வாரங்களிலோ இயல்பான கடத்தல் திரும்பியது. அப்போது கம்பியை வெளியிலிருந்தே மெல்ல இழுத்து எடுத்துவிடலாம்.

எடுத்துச் செல்லும் இதயமுடுக்கி

அக்கருவி பெரியது, சுவரிலுள்ள மின் இணைப்பிலிருந்து இயங்கியது. குழந்தையை வேறு அறைக்கு மாற்றினால் நீண்ட மின்வடத்தை நடைவழியெங்கும் இழுத்துச் செல்ல வேண்டும். மின்தடை ஏற்பட்டால் என்னவாகும் என்ற அச்சமும் இருந்தது. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் பகுதியில் மின்தடை உண்டானது. அன்று ஒரு குழந்தை இறந்தது என்று பல நூல்கள் கூறுகின்றன. மருத்துவமனையில் அவசர மின்வசதி இருந்தது என்று வேறு சிலர் எழுதியுள்ளனர். எப்படியாயினும், மின்கலத்தில் இயங்கும் கருவி தேவை என்பதில் லில்லிஹைக்கு ஐயம் இருக்கவில்லை.

மருத்துவமனையின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஏர்ல் பேக்கன் (1924–2018) என்ற பொறியாளரிடம் அவர் இதனைக் கேட்டார். பேக்கன் 1949இல் தம் உறவினருடன் சேர்ந்து ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய மெட்ரானிக் நிறுவனம் அப்போது மிகச் சிறியது. மின்னணுப் பொழுதுபோக்கு இதழ் ஒன்றில் வெளிவந்திருந்த தாளக் கருவிக்கான மின்சுற்று பேக்கனின் நினைவுக்கு வந்தது. இசை பயில்வோருக்குச் சீரான தாளம் தட்டும் அச்சுற்றே இதயத்திற்கும் பொருந்தும் என்று கண்டு, இரு டிரான்சிஸ்டர்களையும் பாதரச மின்கலத்தையும் கொண்டு, கையடக்கமான அலுமினியப் பெட்டியில் கருவியைச் செய்தார். நான்கு வாரங்களில் பணி முடிந்தது. விலங்குகளில் சோதிப்பதற்காக அதனை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தவர், மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றபோது அக்கருவி ஒரு குழந்தையின் இதயத்தோடு இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்தார். நாயில் வேலை செய்கிறது என்று தெரிந்தபின் ஓர் உயிரைக் காத்திருக்கச் செய்ய லில்லிஹை விரும்பவில்லை. பிற்காலத்தில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டங்கள் வந்தபின் இத்தகைய விரைவு எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிற்று.

இக்கருவி உடலுக்கு வெளியே இருப்பது. சில வாரங்களுக்கு உரியது. உடலினுள் பொருத்தும் முதல் இதயமுடுக்கியை 1958 அக்டோபர் மாதம் சுவீடனில் ஆகே சென்னிங் பொருத்தினார். 1960இல் அமெரிக்காவில் வில்லியம் சார்டாக், வில்சன் கிரேட்பாட்ச் ஆகியோரின் கருவி வந்தது. குழந்தைகளுக்கான அறுவையின் பக்க விளைவைச் சரிசெய்யத் தொடங்கிய முயற்சி, முதுமையால் மின் பாதை தேய்ந்த கோடிக்கணக்கான முதியோருக்குப் பயன்பட்டது.

மாணவர்களும் வேலூர்த் தொடர்பும்

லில்லிஹையிடம் பயிற்சி பெற உலகின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்தனர். 1967 டிசம்பரில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்த தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டியன் பர்னார்டும், இதய மாற்று அறுவையை நிலையான சிகிச்சையாக்கிய நார்மன் ஷம்வேயும் மினசோட்டாவில் பயின்றவர்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நாகரூர் கோபிநாத்தும் (1922–2007) மினசோட்டாவில் பயிற்சி பெற்றவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் இந்தியாவின் முதல் மார்பறுவைத் துறையைத் தொடங்கியிருந்தார். அத்துறையில் 1960களின் தொடக்கத்தில் இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையுடன் திறந்த இதய அறுவையை வெற்றியுடன் செய்தவர் கோபிநாத். அதே காலத்தில் மும்பையிலும் இம்முயற்சி நடைபெற்றது. கோபிநாத் பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இத்துறையை வளர்த்தார். மினியாபொலிசில் தொடங்கிய முறை பத்தாண்டுகளுக்குள் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

நியூயார்க்கும் வழக்கும்

1966–67இல் லில்லிஹை அமெரிக்க இதயவியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1967இல் வாங்கன்ஸ்டீன் ஓய்வு பெற்றபோது மினசோட்டா அறுவைத் துறையின் தலைமை இவருக்கு வழங்கப்படவில்லை. இவர் நியூயார்க் மருத்துவமனை – கார்னெல் மருத்துவ மையத்தின் அறுவைத் துறைத் தலைவராகச் சென்றார். அங்கே 1969இல் இதயத்தையும் நுரையீரல்களையும் ஒருசேர மாற்றும் அறுவையைச் செய்தார். நோயாளி சில நாட்களே வாழ்ந்தார். நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்குகளால் 1970இல் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

1972இல் வருமான வரி ஏய்ப்புக்காக இவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1973இல் ஐந்து குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 50,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன. தொழில்சார் அமைப்புகள் இவரை விலக்கி வைத்தன. முன்னர் பெற்ற கதிர்வீச்சின் விளைவாகக் கண்ணில் புரை வளர்ந்தமையால் அறுவைப் பணியையும் இதே காலத்தில் நிறுத்திக்கொண்டார். அறுவை மருத்துவராக இவர் செயல்பட்ட காலம் கால் நூற்றாண்டுக்கும் குறைவே.

செயற்கை இதய வால்வுகளை வடிவமைப்பதிலும் இவர் பங்காற்றியுள்ளார். 1979 முதல் இறுதிவரை செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநராக இருந்தார்.

முப்பதாண்டு மீளாய்வும் பிற்காலத் துடிப்புக் கோளாறுகளும்

லில்லிஹையின் பணிகளுள் பொதுமக்கள் அதிகம் அறியாதது 1986இல் அவர் வெளியிட்ட மீளாய்வு. அறுவைப் பணியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பின்னர், தம் குழு தொடக்கத்தில் அறுவை செய்த நோயாளிகளைத் தேடிக் கண்டு அவர்களின் நிலையைப் பதிவு செய்தார். குறுக்குச் சுற்றோட்ட முறையில் அறுவை செய்யப்பட்ட 45 பேரில் 22 பேர் முப்பதாண்டுகளுக்குப் பின்னும் வாழ்ந்திருந்தனர். நான்கு குறை நோய்க்கு அறுவை செய்து வீடு திரும்பிய 106 பேரை 26 முதல் 31 ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்ததில், முப்பதாண்டு வாழ்ந்தோர் விகிதம் 77 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அறுவை இன்றேல் இவர்களில் மிகப் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்திருப்பர்.

ஆயினும் இக்காலப் பகுதியில் பல நாடுகளிலும் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. நலமாக வளர்ந்து, படித்து, பணிக்குச் சென்ற சிலர் இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் திடீரென மயங்கி விழுந்தனர், சிலர் இறந்தனர். இதயத்தின் தழும்பே இதற்குக் காரணம். இதயச் சுவரை வெட்டித் தைத்த இடத்திலும் துளையின் மீதிட்ட ஒட்டுத் துண்டிலும் மின்சாரம் பாயாது. அத்தடைகளுக்கும் வால்வு வளையங்களுக்கும் இடையே எஞ்சிய குறுகிய தசைப் பட்டை வழியே மின் தூண்டல் மீண்டும் மீண்டும் சுற்றி வரத் தொடங்கினால் இதயம் கட்டுக்கடங்காமல் விரைந்து துடிக்கும். வலக் கீழறையில் இச்சுழற்சி தோன்றினால் உயிருக்கே இடர் நேரலாம். மேலறையில் தோன்றினால் படபடப்பு, களைப்பு, மூச்சுத்திணறல் ஆகியன ஏற்படும். குறுகிய வாயிலை அகலப்படுத்தியதால் நுரையீரல் தமனி வால்வு மூடாமல் குருதி பின்னோக்கிக் கசிவதும், அதனால் வலக் கீழறை ஆண்டுதோறும் விரிவதும் இந்நிலையைத் தூண்டுகின்றன. அறுவையின்போது தோன்றி மறைந்த கடத்தல் தடை பல்லாண்டுகளுக்குப் பின் திரும்புவதும் உண்டு.

இவற்றுக்கான அறுவைச் சிகிச்சையும் படிப்படியாக வளர்ந்தது. 1968இல் டியூக் பல்கலைக்கழகத்தின் வில் சீலி, பிறவியிலேயே அமைந்த கூடுதல் மின் பாதை ஒன்றை அறுவையால் துண்டித்துத் துடிப்புக் கோளாற்றைக் குணப்படுத்தினார். லில்லிஹையின் காலத்தில் தவறுதலாக மின் பாதை வெட்டப்பட்டது. இங்கே அது வேண்டுமென்றே வெட்டப்பட்டது. 1987இல் ஜேம்ஸ் காக்ஸ், மேலறைகளில் புதிர்வழி போன்று வெட்டுக் கோடுகளை அமைத்து மின்சுழற்சிகளுக்கு இடமில்லாமற் செய்யும் முறையை முதன்முறையாகக் கையாண்டார். ஒற்றைக் கீழறையுடன் பிறந்து பிரான்சிஸ் ஃபான்டன் வகுத்த அறுவையைச் செய்துகொண்டோரில் மேலறை மிகவும் விரிந்து இத்தகைய சுழற்சிகள் தோன்றுவது மிகுதி. அவர்களுக்குப் பழைய இணைப்பைக் கலைத்துப் புதிய வடிவில் அமைப்பதோடு, மேலறையில் உறைகுளிர்க் கோல் கொண்டு தடைக் கோடுகளை இடும் முறை 1990களில் சிகாகோவில் வளர்ந்தது. நான்கு குறை நோயினருக்கு நுரையீரல் தமனி வால்வை மாற்ற இதயத்தைத் திறக்கும்போதே, சுழற்சி நடைபெறும் தசைப் பட்டையையும் உறையச் செய்துவிடுவது உண்டு.

அறுவை இன்றிக் குருதிக் குழாய் வழியே கம்பியைச் செலுத்தித் தசைப் பட்டையைச் சுட்டு அழிக்கும் முறை பலருக்குப் போதுமானது. திடீர் இறப்புக்கு வாய்ப்புள்ளோருக்கு, 1980இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட தானியங்கி அதிர்வுக் கருவி பயன்படுகிறது. குருதிக் குழாய் வழியே கம்பியைச் செலுத்த இயலாத சிறு குழந்தைகளுக்கும் ஃபான்டன் அறுவை செய்துகொண்டோருக்கும் இதயமுடுக்கியின் கம்பியை மார்பைத் திறந்து இதயத்தின் வெளிப்பரப்பிலேயே தைக்கின்றனர். 1957இல் லில்லிஹை செய்ததன் தொடர்ச்சியே அது.

இச்சிக்கல்களை முன்கூட்டியே அறிய ஆண்டுதோறும் மின் இதய வரைவு முதலிய சோதனைகள் தேவை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இதய அறுவைகளுக்கு உதவுகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறவி இதயக் குறைகள் தேடப்படுகின்றன. இதனால் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலோ உத்திரமேரூர் வட்டாரத்திலோ பிறந்த குழந்தையும் வேலூருக்கோ சென்னைக்கோ சென்று அறுவை செய்துகொள்ள இயல்கிறது. சிக்கல் அதன் பின்னரே எழுகிறது. ஐந்து வயதில் துளை மூடப்பட்டவர் இருபத்தைந்து வயதில் தம்மை நோயாளியாகக் கருதுவதில்லை. சிறு வயதின் மருத்துவக் குறிப்புகளும் கையில் இருப்பதில்லை. படபடப்பு வரும்போது அதனை அச்சம் என்றோ களைப்பு என்றோ விட்டுவிடுவதும் உண்டு. மார்பின் நடுவே உள்ள தழும்பைப் பற்றி மருத்துவரிடம் கூறுவதே அந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது.

இறுதிக் காலம்

1990களில் லில்லிஹைக்கு மருத்துவ உலகில் மீண்டும் மதிப்பு உயர்ந்தது. 1996இல் இசுரேலின் ஆர்வி பரிசு வழங்கப்பட்டது. இவர் புற்றுநோயால் 1999 சூலை 5 அன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் காலமானார். மனைவியும் நான்கு மக்களும் இருந்தனர். மைந்தருள் இருவர் அறுவை மருத்துவர்கள். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் இதய ஆய்வு நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. பேக்கன் முதலில் செய்த இதயமுடுக்கிகளின் மாதிரிகள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.